வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் கோமாளி மீன் வளர்க்கும் முறை

கடல் மீன் வளர்ப்பில் புதிதாக இறங்குபவர்களுக்குக் கோமாளி மீனே ஏற்றது என்று சொல்லப்படுவது சரிதான். அது நீண்ட தூரம் நீந்தித் திரியும் மீன் அல்ல. தீவனத்தை முரண்டு பிடிக்காமல் எடுத்துக்கொள்ளும். பண்ணையில் முட்டையிலிருந்து பொரித்து வளர்க்கப்பட்ட குஞ்சுகளும் கிடைக்கின்றன. இருந்தும் நம் ஊர் வீடுகளுக்கு வரும் கோமாளி மீன்களில் பல சில மாதங்களிலேயே இறந்துவிடுகின்றன. தண்ணீர் தயாராகும் முன்பே மீனை விடுவதும், சித்திரை வெயிலையும் மின்வெட்டையும் கணக்கில் எடுக்காததும்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம். நல்ல பராமரிப்பில் இந்த மீன் 10 முதல் 15 ஆண்டுகள் வரை வாழும். 20 ஆண்டுகளைக் கடந்தவையும் உண்டு. இன்று எல்.கே.ஜி. சேரும் குழந்தை பள்ளிப் படிப்பை முடிக்கும்போதும் அதே மீன் உங்கள் கூடத்தில் நீந்திக்கொண்டிருக்கக்கூடும். அவ்வளவு நீண்ட வாழ்வுக்குப் பொறுப்பேற்கிறோம் என்ற எண்ணத்தோடு, தொட்டி, தண்ணீர், குளிர்ச்சி ஆகிய மூன்றுக்கும் முதலில் பணத்தை ஒதுக்கிவிட்டு, மீனைக் கடைசியாக வாங்குவதே முறை.

தொட்டியும் அதன் இடமும்

ஒரு ஜோடிக்கு 75 லிட்டர் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. என் பரிந்துரை, இரண்டரை அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி. பாறையும் மணலும் போக அதில் 100 லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் நிற்கும். சிறிய தொட்டி செலவைக் குறைக்கும் என்று தோன்றலாம். ஆனால் தண்ணீர் குறைவாக இருந்தால் வெப்பமும் உப்பின் அளவும் கழிவும் சில மணி நேரத்திலேயே ஏறி இறங்கிவிடும். தவறைத் திருத்திக்கொள்ள நமக்கு நேரம் தருவது தண்ணீரின் அளவுதான்.

இந்த அளவுத் தொட்டி நிரம்பி நிற்கும்போது கண்ணாடி, தண்ணீர், பாறை, மணல் எல்லாம் சேர்ந்து 150 கிலோவைத் தாண்டும். அதனால் தேக்கு மேசையோ கணினி மேசையோ போதாது. இரும்புச் சட்டத்தாலான தாங்கி வேண்டும். சன்னலோரத்தையும் மேல்தளத்தில் வெயில் இறங்கும் சுவரோரத்தையும் தவிர்த்து, வீட்டிலேயே குளிர்ச்சியான உட்சுவரைத் தேர்ந்தெடுங்கள். உப்புநீர் தெறித்துக் காய்ந்து வெள்ளைப் பூப்பாகப் படியும் என்பதால், மின் இணைப்புப் பலகையைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே பக்கச் சுவரில் வைக்க வேண்டும். ஒவ்வொரு மின்கம்பியும் இணைப்புக்குப் போகும் வழியில் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து மேலேற வேண்டும். அப்படி இருந்தால் கம்பி வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தொட்டிக்கு மேலே வலை மூடியும் தேவை. கோமாளி மீன்கள், குறிப்பாகப் புதிதாக வந்தவை, இரவில் மிரண்டால் வெளியே குதித்துவிடும். கண்ணாடி மூடி வெப்பத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். வலைதான் நம் தட்பவெப்பத்துக்குப் பொருந்தும்.

தண்ணீர்

கடற்கரை ஊரில் இருப்பவர்களுக்கு இயல்பாகவே எழும் கேள்வி, கடலிலிருந்தே குடத்தில் மொண்டு வரலாமே என்பது. மண்டபம் போன்ற இடங்களில் உள்ள குஞ்சு பொரிப்பகங்கள் கடல்நீரைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் மணல் வடிகட்டிகள் வழியாகச் சுத்திகரித்த பிறகே பயன்படுத்துகின்றன. நகரக் கடற்கரையில் கழிவுநீர் கலக்கிறது, மழைக்காலத்தில் ஆற்று முகத்துவாரங்களை ஒட்டி உப்பின் அளவு விழுகிறது, மொண்டு வந்த நீரிலுள்ள நுண்ணுயிர்கள் இறந்து அழுகுகின்றன. வீட்டில் வளர்ப்பவர்க்குக் கடல்மீன் தொட்டிக்கென்றே தயாரிக்கப்படும் செயற்கைக் கடல் உப்புதான் நம்பகமானது. சமையல் உப்போ தூத்துக்குடி கல் உப்போ இதற்கு மாற்றாகாது. உப்பளத்தில் கடல்நீர் காயும்போது சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாக முதலிலேயே படிந்துவிடுகிறது. மக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்புநீரோடு வெளியேற்றப்படுகிறது. இடையில் அள்ளப்படும் கல் உப்பு ஏறத்தாழ முழுக்கச் சோடியம் குளோரைடு மட்டுமே. அதைக் கரைத்தால் உப்புக் கரைசல் கிடைக்குமே தவிர கடல்நீர் கிடைக்காது.

உப்பைக் கரைக்கும் நன்னீரும் தூயதாக இருக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் நைட்ரேட்டும் சிலிக்கேட்டும், குழாய் நீரில் குளோரினும் இருக்கும். இவை பாசியை வரவழைக்கும், மீனுக்கும் கேடு செய்யும். சமையலறை ஆர்.ஓ. கருவியின் நீரைப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். அந்தக் கருவிகளில் பல, சுவைக்காக வடிகட்டிய நீரோடு வடிகட்டாத நீரைச் சிறிது கலந்தோ தாது சேர்த்தோ வெளியே விடுகின்றன, நீரில் கரைந்துள்ள உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 50, 80 என்று காட்டுவது அதனால்தான். கலப்பு வால்வை மூடி, சவ்வைக் கடந்து வரும் நீரை நேரடியாகப் பிடித்து, அதன்பின் எஞ்சிய தாதுக்களையும் நீக்கும் டி.ஐ. ரெசின் குழலொன்றின் வழியே செலுத்தினால் டி.டி.எஸ். 0 ஆகும். அந்த நீரே உகந்தது.

உணவுத் தர பிளாஸ்டிக் டிரம்மில் முதலில் தண்ணீரை நிரப்பி, ஒரு சிறு பம்பை ஓடவிட்டு, பிறகு உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். உப்பைப் போட்டுவிட்டு அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் சுண்ணாம்புச் சத்து வெள்ளையாகத் திரிந்து அடியில் படிந்துவிடும். லிட்டருக்குச் சுமார் 36 கிராம் என்ற கணக்கில் இந்தத் தொட்டிக்கு ஏறத்தாழ 4 கிலோ தேவைப்படும். உப்பின் தயாரிப்பைப் பொறுத்து இது சற்றே மாறும். ஒரு நாள் முழுக்கச் சுழன்று கலந்த பின் அளந்து பாருங்கள். ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு, அதாவது ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 முதல் 1.026 வரை இருப்பது நம் இலக்கு. முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு குமிழி ஒட்டிக்கொண்டாலும் அளவு பொய்த்துவிடும் என்பதால், ஒளி வளைவதைக் கொண்டு உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, அதை 35 பங்கு உப்புள்ள அளவுத்திருத்தக் கரைசலால் அவ்வப்போது சரிபார்ப்பது நல்லது.

தொட்டியிலிருந்து ஆவியாவது வெறும் நீர் மட்டுமே. உப்பு உள்ளேயே தங்கிவிடும். இந்தத் தொட்டியில் 3 லிட்டர் குறைந்தால் உப்பின் அளவு 35-லிருந்து 36-ஆக ஏறிவிடும். ஆகவே அன்றாடம் குறையும் அளவை உப்பில்லாத ஆர்.ஓ. நீரால் மட்டுமே ஈடுசெய்ய வேண்டும். சரியான நீர்மட்டத்தைக் கண்ணாடியில் ஒரு கோட்டால் குறித்துவைத்தால் வீட்டில் யார் வேண்டுமானாலும் அந்தக் கோடு வரை நிரப்பிவிடலாம்.

வெப்பமும் மின்வெட்டும்

வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டு ஹீட்டர் வாங்கும் பழக்கம் இங்கே இருக்கிறது. உதகையிலும் கொடைக்கானலிலும் அது தேவை. சென்னை, மதுரை, திருச்சியில் நமக்கு வேண்டியது அதற்கு நேரெதிரான கருவி. தொட்டி நீர் 26 அல்லது 27 டிகிரி செல்சியஸில் நிலையாக இருக்க வேண்டும். 29-ஐத் தாண்ட விடக்கூடாது. மே மாதத்தில் அறையே 34 டிகிரியில் இருக்கும்போது, பம்புகளின் சூடும் சேர்ந்து தொட்டி அதே அளவுக்குப் போய்விடும். வெப்பம் ஏற ஏற நீரில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. கடல்நீரில் அது நன்னீரைவிட ஏற்கெனவே குறைவு என்பதால், வெயில் காலத்தில் மீன் செவுளை வேகமாக அடித்துக்கொண்டு மேற்பரப்பில் நிற்பதைப் பார்க்க நேரிடுகிறது.

நீரின் மேற்பரப்பை நோக்கிச் சிறு விசிறிகளை வைத்தால் ஆவியாதலால் 2, 3 டிகிரி குறையும். காற்று உலர்ந்திருக்கும் கோவையிலும் மதுரையிலும் இது நன்றாக வேலை செய்யும். காற்றில் ஈரம் மிகுந்த சென்னையிலும் நாகையிலும் பலன் குறைவு, ஆவியாகும் நீருக்கு ஈடுசெய்யும் வேலையும் கூடும். நாள் முழுக்க ஏ.சி. ஓடும் அறை இல்லாத கடற்கரை ஊர் வீட்டில், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி வேண்டும் என்பதுதான் என் உறுதியான கருத்து. தொட்டி, பாறை, பம்பு ஆகியவற்றின் மொத்தச் செலவைவிட அதன் விலை கூடுதலாக இருக்கலாம். அந்தச் செலவு இப்போது இயலாது என்றால் அடுத்த ஆண்டு வரை காத்திருப்பது மீனுக்குச் செய்யும் நன்மை. சில்லர் வெளியே தள்ளும் அனல், மூடிய அலமாரிக்குள் தங்காமல் வெளியேற இடம் விட வேண்டும்.

மின்சாரம் நின்றால் முதலில் தீர்ந்துபோவது ஆக்சிஜன். 2016-இல் வர்தா புயலின்போதும் 2023-இல் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. வீட்டு இன்வெர்ட்டரில், தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ் மேக்கர் ஒன்றையாவது தனியாக இணைத்துவிடுங்கள். அது எடுக்கும் மின்சாரம் ஒரு எல்.இ.டி. விளக்கு எடுக்கும் அளவே. கூடவே, மின்சாரம் நின்றதும் தானாக ஓடத் தொடங்கும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும், மாற்று பேட்டரிகளும் இருக்கட்டும். நீண்ட மின்வெட்டில் தீவனத்தை நிறுத்திவிடுங்கள். மீன் இரண்டு, மூன்று நாள் பட்டினியைத் தாங்கும். அழுகும் தீவனம் ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஐஸ் போட்ட புட்டிகளை மூடியபடியே மிதக்கவிட்டு வெப்பத்தை மெல்லக் குறைக்கலாம்.

பாறை, மணல், வடிகட்டல்

தொட்டியில் வைக்கும் பாறை அலங்காரத்துக்காக மட்டும் அல்ல. கழிவை உடைக்கும் நுண்ணுயிர்கள் குடியேறுவது அதன் துளைகளில்தான். இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை உருவாக்கும் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவை 2001-இல் சேர்க்கப்பட்டன. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா தேசியக் கடல் பூங்காவிலிருந்து எடுக்கப்பட்ட பவளத் துண்டுகளை யாரேனும் உயிர்ப்பாறை (நுண்ணுயிர்கள் குடியேறிய கடற்பாறை) என்று விற்றால் அதை வாங்குவது குற்றம். சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் பவளம் வெட்டப்பட்ட கடல் அது. நம் கூடத்து அழகுக்காக இன்னும் ஒரு துண்டுகூட அங்கிருந்து வரக்கூடாது. துளைகள் நிறைந்த செயற்கைப் பாறையும் பீங்கான் கட்டிகளும் அதே வேலையைச் செய்கின்றன. 10 முதல் 15 கிலோ போதும். பாறையைத் தொட்டியின் அடியில் நேரடியாக ஊன்றி, அதன்பின் மணலைக் கொட்டுங்கள்; மீன் தோண்டும்போது பாறை சரியாமல் இருக்கும். மணல் ஓரங்குலம் போதும்.

வடிகட்டலுக்கு ஒரு புரோட்டீன் ஸ்கிம்மரும் ஒன்றிரண்டு வேவ் மேக்கரும் தேவை. உப்புநீரில் குமிழிகள் மிக நுண்ணியவையாக உருவாவதால், கரைந்த கழிவு அவற்றில் ஒட்டி நுரையாக மேலேறுகிறது. ஸ்கிம்மர் கிண்ணத்தில் சேரும் தேநீர் நிற, நாற்றமடிக்கும் நீரைப் பார்த்தால் அது இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பது புரியும். கோமாளி மீன் வலுவாக நீந்தாது என்பதால், நீரோட்டம் நேராக அடிக்காத ஒரு மூலையை விட்டுவைக்க வேண்டும். மீன் மட்டும் உள்ள தொட்டிக்கு விலையுயர்ந்த விளக்கு தேவையில்லை.

தொட்டி தயாராகும் வரை

பொறுமை அதிகம் கேட்கும் கட்டம் இதுதான். மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் அம்மோனியா வெளியேறுகிறது. ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. புதிய தொட்டியில் இவை இரண்டும் இல்லை. நன்னீர் வளர்ப்பில் பழகியவர்கள் இங்கே ஏமாந்துபோவதற்கு வேதியியல் காரணம் உண்டு: பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 7 உள்ள நன்னீரில் அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பங்கே நச்சு வடிவில் இருக்கிறது, பி.எச். 8.2 உள்ள கடல்நீரில் அந்தப் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. நன்னீர் மீன் தாங்கிக்கொள்ளும் அளவு கடல்மீனின் செவுளை எரித்துவிடும்.

எனவே மீன் இல்லாமலேயே தொட்டியைத் தயார்படுத்துங்கள். உப்புநீர் 27 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்க, மீன் தொட்டிக்கென விற்கும் அம்மோனியம் குளோரைடு கரைசலை, டெஸ்ட் கிட்டில் 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2 பங்கு) காட்டும் அளவுக்குச் சேர்த்து, புட்டியில் வரும் நுண்ணுயிர்க் கரைசலையும் ஊற்ற வேண்டும். சில நாள்களில் அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறும். பின்னர் அதுவும் இறங்கி நைட்ரேட் ஏறும். இதற்கிடையே பாறையிலும் மணலிலும் பழுப்பு நிறப் படலம் ஒன்று படரும். அது சிலிக்கா ஓடுள்ள நுண்பாசி. பயப்படத் தேவையில்லை, தானாக அடங்கும். மீண்டும் 2 பி.பி.எம். அம்மோனியா சேர்த்து, 24 மணி நேரத்துக்குள் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூச்சியம் ஆகிவிட்டால் தொட்டி தயார். இதற்கு 4 முதல் 6 வாரங்கள் பிடிக்கலாம். அதன்பின் பாதித் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்துவிட்டு மீனைத் தேடிப் போகலாம். மலிவான டாம்சல் மீனை விட்டுத் தொட்டியைப் பழக்கலாம் என்று கடையில் யோசனை சொல்வார்கள், தயவுசெய்து ஏற்காதீர்கள். அந்த மீன் அம்மோனியாவில் வேதனைப்படும். பிழைத்துக்கொண்டால் தொட்டி முழுவதும் தனதென்று கோமாளி மீனைத் துரத்தித் துரத்திக் கடிக்கும்.

மீனைத் தேர்ந்தெடுத்தல்

கோமாளி மீன்களில் ஏறத்தாழ 30 இனங்கள் உள்ளன. வீட்டுக்கு ஏற்றவை ஆம்ஃபிபிரியான் ஓசெல்லாரிஸும் அதன் நெருங்கிய உறவான பெர்குலாவும்தான். இரண்டும் ஆரஞ்சு உடலில் மூன்று வெள்ளைப் பட்டைகள் கொண்டவை. பெர்குலாவின் பட்டைகளை ஒட்டிய கருப்புக் கோடு தடித்திருக்கும். ஓசெல்லாரிஸ் பொதுவாக 8 சென்டிமீட்டர் அளவோடு நின்றுவிடும், குணமும் சாது. நம் கடலிலேயே வாழும் கிளார்க் கோமாளியும் செபே கோமாளியும் இன்னும் பெரிதாக வளரும். மெரூன் கோமாளி 15 சென்டிமீட்டரைத் தாண்டி, தண்ணீருக்குள் விடும் கையையே கடிக்கும். இந்த அளவுத் தொட்டிக்கு அவை வேண்டாம்.

பண்ணையில் பிறந்த மீனைத்தான் வாங்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையிலும் கோமாளி மீனின் இனப்பெருக்க முறைகளை உருவாக்கியிருக்கின்றன. கடலிலிருந்து பிடிக்கப்பட்ட மீன் ஒட்டுண்ணிகளோடும், பயணக் களைப்போடும் வரும். சில நாடுகளில் சயனைடு தெளித்தும் பிடிக்கிறார்கள். பண்ணை மீனுக்குத் தூள் தீவனமும் கண்ணாடிச் சுவரும் பிறப்பிலிருந்தே பழக்கம். சென்னை கொளத்தூர் சந்தையில் நன்னீர் மீன்களே பெரும்பான்மை என்றாலும், கடல் மீன் விற்கும் கடைகளும் உண்டு. எங்கு வாங்கினாலும், எந்தப் பண்ணையிலிருந்து வந்தது, வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். உங்கள் கண்ணெதிரே தீவனம் போடச் சொல்லுங்கள். ஓடி வந்து உண்ண வேண்டும். துப்பினால் வாங்க வேண்டாம். செவுள் சீராக அசைகிறதா, உடலில் வெண்புள்ளியோ சாம்பல் படலமோ உள்ளதா, எச்சம் வெள்ளை நூலாகத் தொங்குகிறதா என்று பாருங்கள். அதே தொட்டியில் ஒரு மீன் நோயுற்றிருந்தாலும் மற்றவற்றையும் தவிர்க்க வேண்டும்.

கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகவே முதிர்ச்சி அடைகின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாகும், அடுத்தது அதன் ஆண் துணையாகும், மற்றவை சிறியவையாகவே நிற்கும். இதனால் ஜோடி அமைப்பது எளிது: ஒன்று சற்றுப் பெரியதும் மற்றது சிறியதுமான இரண்டு இளம் மீன்களைச் சேர்த்து வாங்குங்கள். சில வாரங்களில் பெரியது துரத்தும். சிறியது ஒருபக்கமாகச் சாய்ந்து, தலை முதல் வால் வரை உடல் நடுங்குவதுபோல் அதிரும். முதல்முறை பார்ப்பவர்கள் நோய் என்று நினைத்து மருந்து ஊற்றிவிடுகிறார்கள். சிறியது பெரியதன் தலைமையை ஏற்கிறது என்பதற்கான அடையாளம் அது. ஏற்கெனவே பெண்ணாகிவிட்ட இரண்டு பெரிய மீன்களைச் சேர்த்தாலோ, மூன்றாவதாக ஒன்றை விட்டாலோ, ஒன்று சாகும் வரை சண்டை ஓயாது.

தனிமைத் தொட்டியும் நோயும்

புதிய மீனை நேரடியாகப் பெரிய தொட்டியில் விடாமல், 30 முதல் 40 லிட்டர் கொள்ளும் வெறும் தொட்டியில் நான்கு வாரம் வைத்துக் கவனிக்க வேண்டும். அதில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும், ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டுகளும் போதும். அந்த ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டி தயாராகும் காலத்திலேயே அதனுள் போட்டுவைத்தால், அதிலும் நுண்ணுயிர் குடியேறியிருக்கும். மீன் வந்த பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்குங்கள். பிறகு வாளியில் மாற்றி, ஏர் குழாயில் முடிச்சிட்டு, தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக அரை மணி நேரம் விடுங்கள். நெடுந்தூரம் பயணித்து வந்த பையாக இருந்தால் தாமதம் கூடாது. பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி, பி.எச். ஏறி, பையிலுள்ள அம்மோனியா நச்சாக மாறத் தொடங்கும். பை நீரைத் தொட்டியில் ஊற்றாமல் மீனை மட்டும் விடுங்கள்.

கோமாளி மீனுக்கே உரிய ஆபத்து புரூக்லினெல்லா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. மீன் உணவை மறுக்கும், மூச்சு வாங்கும், நிறம் மங்கும், பின் உடலிலிருந்து தடித்த வெண்சளி தோல் உரிவதுபோல் தொங்கும். சளி தெரிந்தபின் ஓரிரு நாள்களே மிச்சம் என்பதால் அன்றே மருத்துவம் தொடங்க வேண்டும். தனி வாளியில், நன்றாகக் காற்று செலுத்திக்கொண்டே, மருந்துப் புட்டியில் உள்ள அளவுப்படி ஃபார்மலின் குளியல் தருவதே நெடுநாளாக நம்பப்படும் முறை. ஃபார்மலின் மனிதருக்கும் கேடு என்பதால் கையுறை அணிந்து, திறந்தவெளியில் கையாள வேண்டும். உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தெரிந்தால் அது கிரிப்டோகேரியான். பொடி தூவியதுபோல் மிக நுண்ணிய பொன்னிறப் படலமும் வேகமான மூச்சும் தெரிந்தால் அது வெல்வெட், இன்னும் கொடியது. இவை இரண்டுக்கும் செம்பு மருந்து பயன்படும். செம்பின் அளவைக் கிட் கொண்டு நாள்தோறும் அளந்தபடி, தனிமைத் தொட்டியில் மட்டுமே தர வேண்டும். பெரிய தொட்டியில் ஊற்றினால் பாறை செம்பை உறிஞ்சிக்கொள்ளும். அதன்பின் இறாலும் நத்தையும் அங்கே வாழ முடியாது.

தீவனமும் அன்றாடப் பராமரிப்பும்

கோமாளி மீன் தாவரமும் ஊனும் கலந்து உண்பது. சிறு குருணைத் தீவனத்தை அடிப்படையாக வைத்து, உறைந்த மைசிஸ், ஆர்ட்டிமியா (இரண்டும் இறால் போன்ற சிற்றுயிர்கள்), சுருள்பாசி கலந்த தீவனம் ஆகியவற்றை மாற்றி மாற்றித் தரலாம். சந்தையில் வாங்கும் புது இறாலைத் தோலுரித்து, கழுவி, கடுகளவு நறுக்கி, உறைநிலைப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். மஞ்சளும் உப்பும் படாத இறாலாக இருக்க வேண்டும். நாளுக்கு இருமுறை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் போடுங்கள். கண்ணாடியருகே வந்து குதித்துக் குதித்துக் கேட்கும்போது மனம் இளகும். ஆனால் மிச்சம் விழும் ஒவ்வொரு குருணையும் நைட்ரேட்டாகவே முடியும்.

தினமும் வெப்பமானியைப் பார்த்து, நீர்மட்டத்தைக் கோடு வரை நிரப்பி, மீன் உண்கிறதா என்று கவனிக்க வேண்டும். வாரம் ஒருமுறை 10 லிட்டர் நீரை மாற்றி, ஸ்கிம்மர் கிண்ணத்தைக் கழுவி, அளவுகளைக் குறித்துவையுங்கள்: பி.எச். 8.1 முதல் 8.4, நைட்ரேட் 20 பி.பி.எம்.க்குக் கீழ், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம். மாற்றும் நீர் தொட்டியின் வெப்பத்திலும் உப்பளவிலும் இருக்க வேண்டும். தொட்டிக்குள் கை விடும் முன் சோப்பும் முகப்பூச்சும் போகக் கழுவிக்கொள்ளுங்கள். கொசு மருந்துச் சுருளும் தெளிப்பானும் அந்த அறையில் கூடாது. ஏர் பம்ப் அந்தக் காற்றை இழுத்து நேராக நீரில் கலந்துவிடும். துணையாக ஃபயர்ஃபிஷ், கோபி ஆகிய சிறு மீன்களில் ஒவ்வொன்றும், ஒரு கிளீனர் இறாலும் ஒத்துப்போகும். நீல டாங் ஓரடி வரை வளரும் மீன். எவ்வளவு சிறியதாகக் கடையில் கண்டாலும் இந்தத் தொட்டிக்கு வேண்டாம்.

கடற்சாமந்தி வேண்டுமா

கடையில் அனிமோன் என்று விற்கப்படும் கடற்சாமந்தி இல்லாமல் கோமாளி மீன் வாழாது என்பது தவறான நம்பிக்கை. பெருங்கடலில், விரட்டும் மீன்களிடமிருந்து தப்ப அதற்கு அந்தக் கொட்டும் இழைகள் தேவை. தொட்டியில் அதை விரட்ட யாரும் இல்லை. பண்ணையில் வளர்ந்த மீன் சில வேளைகளில் கடற்சாமந்தியை ஏறிட்டும் பார்க்காமல், ஒரு மண்சட்டியையோ பம்பின் மூலையையோ தன் வீடாக்கிக்கொள்ளும். மறுபுறம், கடற்சாமந்தி தன் உடலுக்குள் வாழும் நுண்பாசியின் மூலம் ஒளியிலிருந்து உணவு பெறும் உயிர். வலுவான விளக்கும், மாதக்கணக்கில் மாறாத நீரும் இல்லாமல் வெளிறி, சுருங்கி இறக்கும். இடம் பிடிக்காவிட்டால் நகர்ந்துபோய் வேவ் மேக்கரில் சிக்கி அறுபட்டு, ஒரே இரவில் தொட்டி முழுவதையும் நஞ்சாக்கிவிடும். முதலாண்டில் வாங்காதீர்கள். ஓராண்டுக்குப் பின் விருப்பமிருந்தால், தொட்டியிலேயே பிளந்து பெருகிய குமிழ்நுனிக் கடற்சாமந்தி ஒன்றை, பம்புகளுக்குச் சல்லடைக் கூடு மாட்டிய பின் முயலலாம்.

முட்டையும் ஜோடி மாற்றமும்

நன்றாகப் பழகிய ஜோடி ஒன்றிரண்டு ஆண்டுகளில் முட்டையிடத் தொடங்கலாம். பாறையின் ஒரு பரப்பை இரண்டும் வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்தால் அதுதான் முன்னறிகுறி. சாய்த்துவைத்த சிறு மண்சட்டியோ, வழுவழுப்பற்ற ஓடோ கொடுத்தால் அங்கேயே இடும். ஆரஞ்சு நிறத்தில் நூற்றுக்கணக்கான முட்டைகள் நெருக்கமாக ஒட்டியிருக்கும். ஆண் மீன் இரவும் பகலும் துடுப்பால் விசிறியும், கெட்டுப்போனவற்றை வாயால் பொறுக்கியும் காவல் காக்கும். நாளடைவில் முட்டை கருத்து, கடைசியில் குஞ்சுகளின் கண்கள் வெள்ளிப் புள்ளிகளாக மின்னும். 27 டிகிரியில் ஏழெட்டு நாளில், விளக்கு அணைந்து இருட்டிய சிறிது நேரத்தில் அவை பொரிக்கும். அவற்றுக்கு முதல் உணவு ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர். பின்னர்தான் புதிதாகப் பொரித்த ஆர்ட்டிமியா. ரோட்டிஃபர் வளர்ப்பு முன்கூட்டியே தயாராக இல்லையென்றால் குஞ்சுகளைப் பிரித்தெடுப்பதில் பயனில்லை. முட்டைக் காலத்தில் பெண் மீன் கையைக் கடித்தால் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வாரத்தில் தொட்டிக்குள் வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஜோடியில் ஒன்று இறக்கும் நாளும் வரலாம். பெண் இறந்தால், தனித்து நிற்கும் ஆண் சில வாரங்கள் முதல் மாதங்களுக்குள் பெண்ணாக மாறும். ஆண் இறந்தால் பெண் பெண்ணாகவே இருக்கும், திரும்ப ஆணாவதில்லை. இரண்டு நிலையிலும் புதிய துணை, இருப்பதைவிடத் தெளிவாகச் சிறியதாக, இன்னும் பாலினம் முதிராத இளம் மீனாக இருக்க வேண்டும். நான்கு வாரத் தனிமைக்குப் பிறகு அதைத் துளையுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துப் பெரிய தொட்டிக்குள் ஒரு வாரம் மிதக்கவிடுங்கள். பெரிய மீன் பெட்டியை முட்டுவது குறைந்து, உள்ளிருக்கும் சிறியது உடலை அதிரவைத்துப் பணியத் தொடங்கிய பின், பாறைகளைச் சற்று இடம் மாற்றி அடுக்கிவிட்டு, மாலையில் விளக்கை மங்கலாக்கித் திறந்துவிடலாம்.